முள் குத்தினால் தெரிந்த காலம்

முள்வாங்கி என்றொரு கருவி இருந்தது. சுண்டுவிரல் நீளந்தான். இரும்பிலோ பித்தளையிலோ அடித்த சின்ன இடுக்கி. அதோடு ஒரே வளையத்தில் கூரான குத்தூசி ஒன்றும் காது குடையும் கம்பி ஒன்றும் கோத்திருக்கும். ஆடு மேய்ப்பவர்கள் அதை அரைஞாண் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். கிழவர்களின் சுருக்குப் பையில் வெற்றிலைக்கும் பாக்குக்கும் நடுவே கிடக்கும். தென்மாவட்டத்து வானம் பார்த்த பூமியில் இது இல்லாமல் காட்டுக்குக் கிளம்பியவர் குறைவு. வேலமுள், உடைமுள், இலந்தை, நெருஞ்சி என்று காலுக்குக் காத்திருந்தவை அத்தனை. பின்னால் சீமைக்கருவேலம் வேறு வந்து சேர்ந்தது. அதன் முள், லாரி டயரை வெட்டித் தைத்த செருப்பையே துளைத்துக்கொண்டு மேலே வரும்.

முள் எடுப்பதற்கென்று ஒரு முறை உண்டு. வெளிச்சத்துக்கு முகம் காட்டி உட்கார்ந்து, குத்திய காலைத் தூக்கி மறு தொடைமேல் போட்டு, எச்சில் தொட்டு அழுக்கைத் துடைப்பார்கள். கட்டைவிரலால் அங்கங்கே அமுக்கிப் பார்ப்பார்கள். 'சுள்'ளென்று எங்கே வலிக்கிறதோ அங்கேதான் முள். குத்தூசியால் சுற்றிலும் தோலை நெம்பி, முள்ளின் தலை தெரிந்ததும் இடுக்கியால் கவ்வி, போன வழியே இழுக்க வேண்டும். முனை ஒடிந்து உள்ளே நின்றுவிட்டால் ஒரு சொட்டு எருக்கம்பால். இரண்டு நாளில் சீழ் கோத்து முள் தானே வெளியே வந்துவிடும் என்பது கணக்கு. சிலருக்கு முள் வந்தது. சிலருக்குக் கால் வீங்கி, நெறிகட்டி, காய்ச்சல் வந்தது. துருப்பிடித்த ஆணியாக இருந்தால் சில நாட்களில் வாய் பூட்டிக்கொண்டு செத்தவர்களும் உண்டு. நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் 1978இல்தான் தொடங்கியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அந்தக் காலத்துப் பாதங்களைப் பற்றிப் பேசும்போது ஏக்கப் பெருமூச்சு அவ்வளவாக வராது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்று எல்லாவற்றுக்கும் முதல் மருத்துவர் வலிதான். எங்கே குத்தியது, எவ்வளவு ஆழம், எப்போது நடக்கலாம், எப்போது நடக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தது அதுதான். கால் விரலில் ஓர் எறும்பு கடித்தாலும் தூக்கம் கலைந்தது.

வெறுங்காலோடு நடந்ததற்கு வறுமை மட்டும் காரணமில்லை. செருப்பு வாங்கக் காசு சேர்ந்த பிறகும் ஊர்த்தெருவில் அதைப் போட்டு நடக்க முடியாதவர்கள் இருந்தார்கள். தெருமுனை வந்ததும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். கடந்து போன பிறகு மறுபடி மாட்டிக்கொள்ளலாம். தோலைப் பதனிட்டு, வார் அறுத்து, அந்தச் செருப்பைத் தைத்துக் கொடுத்த அருந்ததியர்களுக்கும் இதே விதிதான். தீண்டாமை குற்றம் என்று 1955இலேயே சட்டம் வந்துவிட்டது. 2023 டிசம்பரில் திருப்பூர் மாவட்டம் ராஜாவூரில், அதுவரை செருப்போடு நடக்கத் தடை இருந்த தெருவில் பட்டியல் சாதி மக்கள் செருப்பணிந்து நடந்தார்கள் என்று பத்திரிகைகள் செய்தி போட்டன. செய்தி போடும் அளவுக்கு அது புதிதாக இருந்தது. கொக்கிப்புழு யார் உள்ளங்காலில் ஏறியது, சோகை பிடித்து யார் வெளுத்துப் போனார்கள், கண்ணாடித் துண்டு யார் காலில் ஏறியது என்கிற கணக்கை எழுதினால் அதில் சாதி ஒரு பத்தியாக இருந்தே தீரும்.

டெல்டாவில் முள்ளின் இடத்தில் சேறு. நடவு நாட்களில் விடிந்ததிலிருந்து உச்சிப் பொழுது தாண்டும் வரை கணுக்காலுக்கு மேல் சேற்றில் நின்ற பெண்களுக்கு விரலிடுக்குகள் வெளுத்து, ஊறி, பிய்ந்து போகும். சேற்றுப்புண். ஈரத்தில் ஊறிய தோலில் பூஞ்சை ஏறி, அதன்மேல் கிருமியும் சேர்ந்து வரும் புண் அது. ராத்திரி முழுக்க அரிப்பும் எரிச்சலும். மருதாணியை மஞ்சளோடு அரைத்து விரலிடுக்கில் அப்பிக்கொண்டு படுப்பார்கள். வேப்பெண்ணெய் தடவுவார்கள். அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் பஞ்சில் தொட்டு ஊதா மருந்து பூசி அனுப்புவார்கள். நடவு முடிகிற சமயத்தில் ஆஸ்பத்திரித் திண்ணையில் ஊதா விரல்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். இந்த மருந்துகளில் எது எவ்வளவு வேலை செய்தது என்பது ஒருபுறம் இருக்கட்டும். மறுநாள் காலையில் அதே சேற்றில் அதே கால் இறங்கியது. அதற்கு எந்தக் களிம்பு நிற்கும்?

பழைய வழக்கங்களில் பாதத்துக்கு நல்லது செய்தவை இரண்டு. ஒன்று, வெளியே போய் வந்தால் கால் கழுவிவிட்டு உள்ளே நுழைவது. கழுவும்போது குதிகாலில் ஓர் இடம் நனையாமல் விட்டதால்தான் நளனைச் சனி பிடித்தது என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளைப் பின்னங்கால் வரை கழுவ வைத்தார்கள். நளன் கதைக்கு இதைவிட நல்ல பயன் இருக்க முடியாது. அதில் விட்டுப்போனது ஒன்றுதான்: கழுவிய காலைத் துடைக்க வேண்டும் என்று யாரும் சனியைக் காட்டிப் பயமுறுத்தவில்லை. ஈரக் காலோடு நடந்து கூடத்தில் தடம் பதிப்பதே வழக்கமாக இருந்தது. விரலிடுக்கு ஈரம் காயாமல் இருப்பதுதான் பூஞ்சைக்கு வேண்டியதும்.

இன்னொன்று, பெண்கள் குளிக்கும்போது காலுக்கு மஞ்சள் பூசுவது, துவைக்கிற கல்லில் குதிகாலைத் தேய்ப்பது, வெடிப்புக்கு விளக்கெண்ணெய் தடவுவது. மஞ்சளின் மகிமையைப் பற்றி நம்மூரில் பேசாதவர் இல்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, மஞ்சள் பூசுகிறவள் தினமும் ஒருமுறை தன் பாதத்தைக் குனிந்து பார்த்தாள் என்பது. எங்கே வெடித்திருக்கிறது, எங்கே தடித்திருக்கிறது, எந்த நகம் கறுத்திருக்கிறது என்று அவள் கைக்குத் தெரிந்தது. ஆண்களில் அந்த அளவுக்குப் பார்த்தவர்கள் குறைவு. முள் குத்தினால் உண்டு.

அன்றைய கால் வியாதிகளில் இன்றைக்கு அடியோடு இல்லாமல் போனது நரம்புச் சிலந்தி. குளத்துத் தண்ணீரிலும் படிக்கிணற்றுத் தண்ணீரிலும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சின்ன நீர்ப்பூச்சிகள் இருக்கும். அவற்றுக்குள் இந்தப் புழுவின் குஞ்சு. வடிகட்டாமல் குடித்தவரின் உடம்புக்குள் அது ஒரு வருஷம் போல வளர்ந்து, ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்துக்கு நூல்போல் நீண்டு, பெரும்பாலும் காலில் கொப்புளம் போட்டு வெளியே தலைநீட்டும். எரிச்சல் தாங்காமல் தண்ணீரில் கால் வைத்தால் புழு ஆயிரக்கணக்கில் குஞ்சுகளைக் கொட்டும். அதே தண்ணீரை ஊர் குடிக்கும். வைத்தியம் என்பது ஒரு குச்சியில் புழுவைச் சுற்றித் தினமும் ஓரிரு விரற்கடை அளவு இழுப்பது. அவசரப்பட்டு அறுத்துவிட்டால் கால் சீழ் பிடித்துவிடும். படிகளை அடைத்து, துணியில் வடிகட்டச் சொல்லி, குழாயும் அடிபம்பும் போட்டு இதை ஒழித்தார்கள். இந்தியா இந்த நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2000இல் சான்றளித்தது. மருந்தும் இல்லாமல், தடுப்பூசியும் இல்லாமல் ஒரு நோயை நாட்டைவிட்டே விரட்டியதை நாம் போதுமான அளவு கொண்டாடவில்லை.

குச்சியில் புழு சுற்றுவதைக் கொல்லிமலையில் சிறு பிள்ளையாக இருந்து பார்த்தவர்களில் ஒருவர் பால் பிராண்ட். மலைவாழ் மக்களுக்கு வைத்தியம் பார்த்த மிஷனரித் தம்பதிக்கு 1914இல் அங்கே பிறந்தவர். தகப்பனார் நரம்புச் சிலந்திக்காரர்களுக்கு வைத்தியம் செய்வதைப் பார்த்து வளர்ந்தவர். இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் படித்து 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். நம் பாதங்களின் கதையில் இவர் வந்து நிற்கும் இடம் பெரியது.

செங்கல்பட்டுக்குப் பக்கத்துத் தொழுநோய் இல்லத்தை அவர் போய்ப் பார்த்தபோது, தொழுநோய் விரல்களைத் தின்கிறது என்பதுதான் பொதுவான நம்பிக்கை. சதை தானாக அழுகி உதிர்கிறது என்று டாக்டர்களே நினைத்திருந்தார்கள். பிராண்டும் அவருடைய கூட்டாளிகளும் புண்களை ஒவ்வொன்றாகத் துருவினார்கள். இந்தப் புண் எப்படி வந்தது, நேற்று என்ன வேலை செய்தீர்கள், எதன்மேல் நடந்தீர்கள் என்று கேட்டார்கள். கிடைத்த விடை எளிமையானது. நோய் நரம்பைக் கொன்றது. உணர்ச்சி செத்த கால், செருப்புக்குள் கிடந்த கல்லை நாள் முழுக்க மிதித்தது. அடுப்புக்கட்டியில் சுட்டுக்கொண்டது. தூங்கும்போது எலி கடித்தும் எழவில்லை. எலித் தொல்லைக்காக நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பியதும் உண்டு. விரல்களைக் கொண்டுபோனது கிருமி இல்லை, கவனிக்கப்படாத காயம் என்று தெரிந்ததும் வைத்தியத்தின் திசையே மாறியது. காயம் என்றால் தடுக்கலாம் அல்லவா?

ஆறாத புண்ணோடு வந்தவர்களைப் படுக்க வைத்தால் ஆறியது. எழுந்து நடந்ததும் அதே இடத்தில் வெடித்தது. உணர்ச்சி உள்ளவர்கள் அறியாமலே பாதத்தை மாற்றி மாற்றி வைக்கிறோம். ஓர் இடம் நொந்தால் எடையை அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடுகிறோம். மரத்துப் போன கால் அப்படிச் செய்யாது. ஒவ்வோர் அடியிலும் அதே எலும்பு முனை அதே தோலை நசுக்கும். ஆக, அந்த அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பரப்பித் தரும் செருப்பு வேண்டும். மரக்கட்டையில், மெழுகு அச்சில், தோலில் என்று பலதையும் செய்து பார்த்து, கடைசியில் நின்றது நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பர். அதுதான் எம்.சி.ஆர். வேலூரை அடுத்த கரிகிரியில் 1955இல் தொடங்கிய தொழுநோய் மையம் இந்த ரப்பர் செருப்புகளுக்குப் பெயர் பெற்றது. அடியில் கெட்டியான தகடு, மேலே மெத்து, பின்னால் குதிகாலைப் பிடிக்கும் வார், எங்கும் ஆணி கிடையாது. ஆணி கழன்று காலில் ஏறினாலும் போட்டிருப்பவருக்குத் தெரியாது அல்லவா, அதனால் பசையும் தையலும் மட்டும்.

கொடுத்தால் நோயாளிகள் போட்டுக்கொண்டார்களா? பலர் போடவில்லை. எல்லாம் ஒரே மாதிரி கறுப்பு ரப்பர், ஒரே மாதிரி வார். தூரத்தில் வரும்போதே இன்னார் இன்ன வியாதிக்காரர் என்று செருப்பு சொல்லிவிடும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து போய்விடுவார். ஆஸ்பத்திரிக்கு வரும்போது மட்டும் மாட்டிக்கொண்டு வந்து, திரும்பும் வழியில் பைக்குள் வைத்துக்கொண்டவர்கள் உண்டு. ஒரு கூட்டத்துக்குச் செருப்புப் போட உரிமையில்லை. இன்னொரு கூட்டத்துக்குப் போட்டால் அவமானம். தமிழ்நாட்டில் பாதம் என்பது ஒருபோதும் வெறும் உடம்புறுப்பாக இருந்ததில்லை.

பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் லூசியானாவில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே அவர் கண்டுகொண்ட விஷயம், சர்க்கரை நோயால் மரத்துப் போன காலிலும் இதே கதைதான் நடக்கிறது என்பது. வேலூரில் கற்ற பாடம் உலகம் முழுக்கச் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்குப் போய்ச் சேர்ந்தது இப்படித்தான். இன்று நம்மூர்ச் செருப்புக் கடை வாசலில் 'சர்க்கரை நோயாளிகளுக்கான எம்.சி.ஆர். செருப்பு' என்று பலகை தொங்குகிறதே, அதன் பூர்வீகம் கரிகிரி. சென்னை ராயபுரத்தில் பேராசிரியர் விசுவநாதன் 1954இல் தொடங்கிய சர்க்கரை நோய் மருத்துவமனையும் பின்னாளில் இந்தப் பாத வேலையில் முன்னுக்கு நின்றது. அங்கே செய்து 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அழுத்தம் குறைக்கும் மெத்தைச் செருப்பு அணிந்தவர்களைவிடச் சாதாரணச் செருப்பில் நடந்தவர்களுக்குப் புதுப் புண் மிக அதிகமாக வந்ததைக் காட்டியது.

இதற்கிடையில் ஊர் மாறிவிட்டது. ஹவாய் செருப்பு மளிகைக் கடை வரை வந்தது. தார்ச்சாலை வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசே விலையில்லாக் காலணி கொடுத்தது. நடவுக்கு இயந்திரம் வந்தது. முள்வாங்கி செய்யும் கொல்லரைத் தேடினால் இன்று கிடைப்பது கடினம். கொக்கிப்புழுவும் துருப்பிடித்த ஆணியும் சொல்லும்படி குறைந்தன. சேற்றுப்புண் மட்டும் ஊர் மாறிக் குடிபோய்விட்டது. 2015லும் 2023லும் சென்னை மூழ்கியபோது வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் நாள்கணக்கில் தண்ணீரில் நடந்தவர்களின் விரலிடுக்கைப் பார்த்திருந்தால் தஞ்சாவூர்க்காரர்களுக்கு அடையாளம் தெரிந்திருக்கும். அதோடு எலிக்காய்ச்சல் பயமும் உண்டு. எலி மூத்திரம் கலந்த வெள்ளத்தில் இருக்கும் கிருமி, காலில் உள்ள வெடிப்பு வழியாகவும் உள்ளே போகும். குதிகால் வெடிப்பை அழகுப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கலாம்.

நாள் முழுக்கச் சாக்ஸும் ஷூவும் போட்டிருக்கும் இளைஞர்களுக்கும் வருவது அதே விரலிடுக்குப் பூஞ்சைதான். சேற்றுக்குப் பதில் வியர்வை. அதே ஷூவை மறுநாளும் ஈரத்தோடு மாட்டாமல் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டால், சாக்ஸைத் தினம் துவைத்தால், பலருக்குக் களிம்பே வேண்டியிருக்காது.

தரை மாறியது இன்னொரு கதை. சாணம் மெழுகிய தரையிலும் செம்மண் பாதையிலும் நடந்த குதிகால் இப்போது கிரானைட்டிலும் டைல்ஸிலும் நடக்கிறது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஊசி ஏறியது போல ஒரு வலி, பத்து அடி நடந்ததும் கொஞ்சம் தணிவது, சாயங்காலம் மறுபடி. குதிகாலிலிருந்து விரல்களுக்கு ஓடும் தடித்த நாரில் ஏற்படும் தேய்மானம் இது. உடம்பு எடை, மணிக்கணக்கில் நிற்பது, கெண்டைக்கால் இறுகிக் கிடப்பது எல்லாம் சேர்ந்து கொண்டுவருவது. பலர் எக்ஸ்ரே எடுத்து 'எலும்பு வளர்ந்திருக்கு' என்று பயந்து வருவார்கள். அந்த எலும்பு முனை வலியே இல்லாதவர்களுக்கும் இருக்கும். கெண்டைக்காலை நீட்டி இழுக்கும் பயிற்சியும், மெத்தென்ற செருப்பும், சில மாதப் பொறுமையும் பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

நிற்பவர்கள் என்றதும் ஜவுளிக்கடைப் பெண்கள் நினைவுக்கு வராமல் போவதில்லை. புடவையை விரித்து விரித்துக் காட்டும் பெண்ணின் கால், காலை பத்து மணியிலிருந்து இரவு கடை சாத்தும்வரை அதே தரையில். வீங்கிய கணுக்கால், முறுக்கிக்கொண்ட நரம்பு, குதிகால் வலி. 2021இல் தமிழ்நாடு அரசு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை தந்தே ஆக வேண்டும் என்று சொன்னது. பாத நலத்துக்காக இந்த மாநிலம் செய்த நல்ல காரியங்களில் அதையும் சேர்ப்பேன். வாடிக்கையாளர் வந்தால் எழுந்து நிற்கும் பழக்கத்தைச் சட்டம் இன்னும் மாற்றவில்லை. ஸ்டூல் இருக்கிற கடைகளிலும் அதன்மேல் பெரும்பாலும் அட்டைப்பெட்டி உட்கார்ந்திருக்கிறது.

இன்றைய பாதத்தின் பெரிய ஆபத்துக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்ன கணக்குப்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல். சர்க்கரை நோயாளிகளில் நாலில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது காலில் புண் வரலாம் என்பது மருத்துவ உலகில் நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. ஒரு காலத்தில் பணக்கார வியாதி. இப்போது நூறு நாள் வேலைக்குப் போகிறவருக்கும் உண்டு. அதனால்தான் வீடு தேடி மாத்திரை கொடுக்கும் திட்டம் 2021இல் வந்தது. 'பாதம் பாதுகாப்போம்' என்று கால் பரிசோதனைக்கெனவே ஒரு திட்டமும் அதன் பிறகு வந்திருக்கிறது.

ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் அந்தப் பரிசோதனையைப் பார்த்தேன். செலவென்று பார்த்தால் பிளாஸ்டிக் பிடியில் செருகிய ஒரு நைலான் இழை, அவ்வளவுதான். தோலில் வைத்து அழுத்தினால் அது வளையும்; வளையும்போது 10 கிராம் அழுத்தம். அந்த அழுத்தம் தெரியாவிட்டால் பாதத்தின் காவல் போய்விட்டது என்று பொருள். நர்ஸ் முதலில் பெரியவரின் முழங்கையில் அதைத் தொட்டுக் காட்டினார்.

"இப்படித்தான் இருக்கும் ஐயா. வலிக்காது. கண்ண மூடிக்குங்க. தொட்டது தெரிஞ்சா 'ம்'னு சொல்லுங்க."

"சரிம்மா."

வாழ்நாள் முழுக்க வரப்பில் நடந்த கால் அது. குதிகாலில் அரை அங்குலக் காய்ப்பு. காய்ப்பின்மேல் வைத்தால் யாருக்கும் தெரியாது என்பதால் நர்ஸ் அதை விட்டுவிட்டுப் பெருவிரலின் அடியில் வைத்தார். இழை வளைந்தது. பெரியவர் பேசாமல் இருந்தார். பாதத்தின் முன்மேட்டில் மூன்று இடம். இழை வளைந்து வளைந்து நிமிர்ந்தது.

"எப்பம்மா ஆரம்பிக்கப் போற?" என்றார் பெரியவர், கண்ணைத் திறக்காமலே.

நர்ஸ் அவர் காலைத் திருப்பிப் பார்த்தபோது விரலிடுக்கில் ஒரு வெட்டு இருந்தது. ஹவாய் செருப்பின் வார் உரசி வந்தது. எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, "அங்க என்ன இருக்கு?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

நர்ஸ் எழுதிக் கொடுத்ததில் முதல் வரி, வீட்டுக்குள்ளும் செருப்பு. அதைக் கேட்டதும் கூட வந்திருந்த அவர் மனைவியின் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டும். சாமி படம் இருக்கிற வீட்டில் செருப்பா? இந்த ஒரு விஷயத்தில் டாக்டர்களும் நர்ஸுகளும் ஊர் ஊராகத் தோற்றுக்கொண்டிருக்கிறார்கள். வாசலோடு நிற்க வேண்டியது என்று தலைமுறை தலைமுறையாகப் பழகியதை மாத்திரைச் சீட்டில் ஒரு வரி எழுதி மாற்ற முடியுமா? ஆனால் மரத்த காலில் புண் வருவது தெருவில் மட்டுமல்ல. கட்டில் காலில் இடித்து, பேரன் போட்ட விளையாட்டுச் சாமானை மிதித்து, ராத்திரி கழிப்பறைக்குப் போகும் வழியில் என்று எத்தனையோ காயங்கள் வீட்டுக்குள்தான். வாசலைத் தாண்டாத, வீட்டுக்கென்றே ஒரு ஜோடி வாங்கி வைத்துவிட்டால் சாமிக்கும் சங்கடமில்லை. அந்தச் செருப்புக்குப் பின்வார் கட்டாயம். பின்வார் இல்லாவிட்டால் அது கழன்று போனதுகூட மரத்த காலுக்குத் தெரியாது. வெறுங்காலில் நாலு தெரு நடந்துவிட்டு, "செருப்பு எங்கே?" என்று தேடியவர்கள் நிஜமாகவே உண்டு.

பழைய கைவைத்தியம் முழுவதும் உணர்ச்சி உள்ள காலுக்காகச் செய்தது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. வலித்தால் நிறுத்து என்பதுதான் அதன் அளவுகோல். சுடுதண்ணீரில் கால் வை, பொறுக்கும் சூடு போதும் என்பார்கள். எது பொறுக்கும் சூடு என்று மரத்த கால் சொல்லாது, கொப்புளம் சொல்லும். அதனால் தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், அல்லது வீட்டில் வேறொருவர் பார்க்க வேண்டும். கால் ஆணியைப் பிளேடால் சீவுவது, மருந்துக் கடையில் ஆணி பிளாஸ்திரி வாங்கி ஒட்டுவது இரண்டும் அப்படியே. அந்தப் பிளாஸ்திரியில் இருக்கும் அமிலம் ஆணியை மட்டுமல்ல, சுற்றியிருக்கும் நல்ல தோலையும் அரிக்கும். நகத்தை மூலையில் வளைத்து வெட்டுவது அடுத்த தவறு. நேராக வெட்டி ஓரத்தை அராவிவிட்டால் சதைக்குள் ஏறாது. கால் வீங்கினால் மெட்டியைக் கழற்றி வைக்கச் சொல்வதும் டாக்டருக்குச் சங்கடமான வேலைதான். வீங்கிய விரலில் மெட்டி புதைந்து போன பிறகு வெட்டி எடுப்பதைவிட அது எளிது. எண்ணெயோ வாசலினோ தடவலாம், நல்லது. விரலிடுக்கில் மட்டும் வேண்டாம். புதுச் செருப்பு வாங்கச் சாயங்காலம் போவது நல்லது. கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில் சரியாக இருப்பது காலையிலும் கடிக்காது. எம்.சி.ஆர். என்று அச்சடித்ததெல்லாம் எம்.சி.ஆர். ஆகாது, கட்டைவிரலால் அமுக்கினால் அமுங்கி எழ வேண்டும். எழாமல் போகும் நாளில் மாற்றிவிட வேண்டும். பிய்ந்து போகும்வரை போடுவது நம் வழக்கம். மெத்து அதற்கு வெகுநாள் முன்பே செத்திருக்கும்.

கோயில் விஷயத்தில் மட்டும் எனக்கு முழு விடை தெரியவில்லை. சித்திரை வெயிலில் பிரகாரக் கல்லில் ஒரு சுற்று வந்துவிட்டு, உள்ளங்கால் முழுக்கக் கொப்புளத்தோடு வருகிறவர்களைச் சர்க்கரை நோய் மருத்துவர்கள் வருஷா வருஷம் பார்க்கிறார்கள். திருவண்ணாமலையில் கிரிவலம் 14 கிலோமீட்டர். பழனிக்குப் பாதயாத்திரை இன்னும் தூரம். போகாதே என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. பல கோயில்களில் இப்போது தேங்காய்நார்ப் பாய் விரிக்கிறார்கள், வெள்ளைக் குளிர்ச்சிப் பூச்சு அடிக்கிறார்கள். தடித்த பருத்திச் சாக்ஸோடு, வெயில் தாழ்ந்த பிறகு போகச் சொல்லலாம். முருகன் சாக்ஸைப் பார்த்துக் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

வலி போன இடத்தில் கண்ணைத்தான் காவலுக்கு வைக்க வேண்டும். தினமும் ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலைப் பார்ப்பது, குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடி வைத்து அதன்மேல் காலைத் தூக்கிப் பார்ப்பது, பார்வையும் மங்கியவர்களுக்கு வீட்டில் யாராவது பார்த்துச் சொல்வது. பேரன் செல்போனில் இரண்டு படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினால் கண்ணாடியைவிடத் தெளிவாகவே தெரிகிறது; போன வாரத்துப் படத்தோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். சிவந்த இடம், மற்ற காலைவிடச் சூடான இடம், காய்ப்புக்கு அடியில் கறுப்பாக ரத்தம் கட்டியது, விரல் நிறம் மாறியது, சாக்ஸில் ஈரக்கறை, இதுவரை இல்லாத நாற்றம் இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். வலிக்கவில்லையே, பொங்கல் கழியட்டும், வெள்ளிக்கிழமை வேண்டாம், மகன் ஊரிலிருந்து வரட்டும் என்று தள்ளிப்போட்ட நாட்களில்தான் ஒரு விரலோடு போக வேண்டியது கணுக்கால் வரைக்கும் ஏறுகிறது.